பெயர் கேட்காத கதவு

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தான். ஆனாலும் பெட்டியின் முகப்பில் இருந்த பச்சை விளக்கு, எங்கிருந்தோ யாரோ எதையோ கேட்டுக்கொண்டே இருக்க இதுவும் சலிக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருப்பது போல, விட்டு விட்டுச் சிமிட்டிக்கொண்டிருந்தது. வயர் மாட்டியிருந்தால் எரிய வேண்டிய விளக்கு அது. வயர் இல்லாதபோது அதற்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

கிழடு தட்டிவிட்டால் எல்லாம் இப்படித்தான், யாரும் பேசாமலே தலையாட்டும் என்று நினைத்துக்கொண்டு, அவன் கேபிளை மறுபடி சொருகினான்.

கடைத்தெருவில் அவனுக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். முன்பு ஒரு பெரிய கம்பெனியின் சர்வர் அறையில் இரவு ஷிப்ட் பார்த்தவன். ஒரு நாள் ஷிப்டின் நடுவிலேயே அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டான். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் ரிப்பேர். மனிதர்களைப் பற்றி அவனுக்கு இருந்த கருத்து மிகச் சுருக்கமானது. பாஸ்வேர்டை மறப்பவர்கள் ஒரு சாதி, மறந்துவிடுவோம் என்று மானிட்டரிலேயே ஒட்டி வைப்பவர்கள் இன்னொரு சாதி. இந்தப் பல் ஆஸ்பத்திரியைக் கட்டிய பெரிய டாக்டர் மூன்றாவது சாதி. பாஸ்வேர்டே வைக்காதவர். அதைப் பற்றி யாரோ கேட்டதற்கு, "வர்றவன் வாயைத் திறக்கும்போது நான் பாஸ்வேர்டா கேக்கறேன்?" என்று சொன்னாராம். இப்போது பக்கவாதத்தில் மாடியில் படுத்திருந்தார். மருமகள், அதாவது சின்ன டாக்டர், கீழே தொழிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பழைய கம்ப்யூட்டர் புகைஞ்சு போச்சுங்க. புதுசு வாங்கினேன். புதுசு இந்த சர்வரைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது" என்றாள்.

"இது சர்வர் இல்ல மேடம். ஸ்டோரேஜ் டப்பா. உள்ள ரெண்டு டிஸ்க், ஒரு ஃபேன். இதுக்குப் பேரு சர்வர்னா என் சைக்கிளுக்குப் பேரு விமானம்."

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் அங்கே யாரும் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னான்.

பெட்டி அலமாரியின் அடித்தட்டில் இருந்தது. பல் அச்செடுக்கும் மாவு டப்பாக்களுக்கும் காலாவதியான கையுறைப் பெட்டிகளுக்கும் நடுவில், தூசியும் கிராம்பு எண்ணெய் வாசனையும் ஒன்றாகப் படிந்து ஒரு பிசுக்காகி அதன் மேல் உட்கார்ந்திருந்தன. உள்ளே டிஸ்க் நறநறவென்று அரைத்துக்கொண்டிருந்தது. சீரான சத்தம் இல்லை. கொஞ்ச நேரம் அரைக்கும், நிறுத்தும், ஒரு மூச்சு விடுகிற இடைவெளி விட்டு, பக்கவாட்டில் தாடையை நகர்த்தினாற்போல மறுபடி அரைக்கும். வெளியே மாலை மழை. பொழுது சாயவில்லை என்றாலும் சன்னலுக்கு வெளியே தெரு அழுக்குத் தண்ணீரின் நிறத்தில் மங்கிக்கொண்டிருந்தது.

புதுக் கம்ப்யூட்டரில் அவன் பெட்டியின் எண்ணைத் தட்டினான். திரை மரியாதையாக மறுத்தது. இந்தச் சாதனம் பழைய முறையில் பேசுகிறது, அந்த முறை பாதுகாப்பானதல்ல, யாரென்று சொல்லாமல் விருந்தினராக நுழைய அனுமதி இல்லை. காரணம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். இந்த மாதிரிப் பெட்டிகள் பிறந்த காலத்தில் யாரும் யாரையும் நீ யார் என்று கேட்டதில்லை. தட்டினால் திறக்கும். பெயர் சொல்லாவிட்டால் விருந்தினர் என்று எழுதிக்கொண்டு உள்ளே விடும். அந்த வழியாக ஊர்ப்பட்ட திருட்டு நடந்தபிறகு, புதிதாக வந்த ஓ.எஸ். எல்லாம் அந்தக் கதவைச் சாத்தி ஆணியடித்துவிட்டன. கதவு இன்னும் இருக்கிறது. ஆணியைப் பிடுங்கத் தெரிந்தால் திறக்கலாம்.

சின்ன டாக்டர் நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையில் ஒரு லாரி எரிந்து கிடந்தது. உள்ளே ஓர் உடல். முகம் இல்லை, கைரேகை இல்லை, பல் மட்டும் மிச்சம். வெளியே உட்கார்ந்திருக்கும் அம்மாவின் கணவர் லாரி டிரைவர், வீடு திரும்பவில்லை. அவர் ஒரே ஒருமுறை பல்லைக் காட்டியது இங்கேதான், பெரிய டாக்டரிடம். அந்த எக்ஸ்ரே இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அதை மார்ச்சுவரி டாக்டர் அங்கே எடுத்த படத்தோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடுவார். யாரும் உரிமை கோராவிட்டால் காலையில் பெயரில்லாத பிணம் என்று புதைத்துவிடுவார்கள்.

"எரிஞ்சது இவர் லாரிதானா?"

"நம்பர் பிளேட்டும் உருகிப்போச்சாம். அதான் பல்லு."

அவன் ஸ்க்ரூடிரைவரைப் பல்லிடுக்கில் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். பிறத்தியாரின் துக்கம் அவனுக்கு வாடிக்கையாளர் சொல்லும் கதை மாதிரிதான். நேற்று வரைக்கும் நல்லாத்தான் ஓடிட்டிருந்தது சார். எல்லாம் நேற்று வரைக்கும் நல்லாத்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

"உங்க கன்னம் வீங்கியிருக்கே" என்றாள் சின்ன டாக்டர் திடீரென்று. "வாயைத் திறங்க. ஒரு நிமிஷம் பாத்துடறேன். சும்மாதான்."

"வேண்டாம் மேடம்."

"ஒரு எக்ஸ்ரே எடுத்தா..."

"என் வாயை நான் பாத்துக்கறேன். நீங்க உங்க டப்பாவைக் காட்டுங்க, போதும்."

திருடனுக்குக் கதவைத் திறப்பதும் பல் டாக்டருக்கு வாயைத் திறப்பதும் ஒன்றுதான் என்பது அவன் கட்சி. இரவு ஷிப்டில் இருந்தபோது படியில் உருண்டு தாடையை உடைத்துக்கொண்டான். அப்போது வைத்த பிளேட் இன்னும் கீழ்த்தாடையில் இருந்தது. சின்ன ஏணி மாதிரி ஒரு தகடு, அதில் ஸ்க்ரூக்கள். வைத்த ஆஸ்பத்திரி இப்போது துணிக்கடை. அதற்குப் பிறகு அவன் வாய்க்குள் ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை. குளிர் அறையில் உட்கார்ந்தால் அந்தத் தகடு மட்டும் தனியாகச் சில்லென்று ஆகும். உள்ளே ஓர் அந்நியன் உட்கார்ந்திருப்பது போல. அதற்குப் பழகிவிட்டான். ஒரு அண்ணன் உண்டு, பேச்சுவார்த்தை கிடையாது. கடை, அறை, ஒரு சைக்கிள். அவனுக்கு அது போதும். மனிதர்கள் குறைவாக இருந்தால் ரிப்பேரும் குறைவு.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அந்த அம்மா எட்டிப் பார்த்தாள். கையில் ஈரத் துணிப்பை.

"தம்பி, படம் வந்துருச்சா?"

"இது என்ன சினிமாக் கொட்டகையாம்மா? வரும்போது வரும். உக்காருங்க."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. சத்தமில்லாமல் அழுது முடித்த முகம். சத்தம் போட்டு அழுகிறவர்களைக்கூட அவனால் பொறுத்துக்கொள்ள முடியும், இந்த வகையைத்தான் முடியாது. அவள் போகவில்லை. கதவைப் பிடித்தபடி, யாரும் கேட்காமலே சொன்னாள். "தூக்கத்துல பல்லைக் கடிப்பாரு தம்பி. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும். அந்தத் தொல்லைக்காகத்தான் கையைப் பிடிச்சு இழுக்காத குறையா இங்க கூட்டிட்டு வந்தேன். இல்லன்னா வந்திருக்க மாட்டாரு. வைத்தியம் பண்ணியும் நிக்கல. ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சா போதும் எனக்கு. இருக்காரா, இல்லையான்னு."

பெட்டி அரைத்தது. நிறுத்தியது. மறுபடி பக்கவாட்டில் ஒரு இழுவை.

அந்த அம்மாவின் தலை மெதுவாக அலமாரிப் பக்கம் திரும்பியது.

"அது என்ன சத்தம்?"

"டிஸ்க். வயசாயிருச்சு, அரைக்குது. போய் உக்காருங்கம்மா."

போனாள். போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அலமாரியை இல்லை, அடித்தட்டை.

முறையான வழி ஒன்று இருந்தது. பெட்டியைக் கழற்றி, இதற்கென்றே அவன் கடையில் வைத்திருக்கும் பழைய லேப்டாப்பில் தனியாக மாட்டி, படத்தை எடுத்துப் பென்டிரைவில் போட்டுவிட்டு, பெட்டியைக் குப்பைக்கு அனுப்புவது. வேறு எவனாவது வேறு மாதிரிச் செய்திருந்தால் அவனே காறித் துப்பியிருப்பான். ஆனால் கடை வரைக்கும் மழையில் போய்வர வேண்டும். யாருக்காக? வாயே திறக்காத ஒரு லாரிக்காரனுக்காக.

"பழைய குருடி, கதவைத் திறடி" என்று முணுமுணுத்தபடி, புது ஓ.எஸ்.ஸின் ஆழத்தில் ஒளித்து வைத்திருந்த பழைய பேச்சுமுறைக்கு ஒரு டிக் போட்டான். பெயர் சொல்லாத விருந்தினரை அனுமதிக்கலாம் என்று இன்னொரு இடத்தில் மாற்றினான். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இந்தக் கிழட்டுப் பெட்டிகள் முரண்டு பிடிக்காமல் பேச வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் திறந்து வைப்பது அவன் வழக்கம். புதுக் கம்ப்யூட்டரையும் எல்லோரும் படிக்கலாம், எல்லோரும் எழுதலாம் என்று விரியத் திறந்துவிட்டான். நிச்சயமாகவா என்று திரை கேட்டது.

"வரப்போறவன் எவன்?" என்றான் திரையிடம்.

கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழுந்துகொண்டிருந்தபோது, மாமாவுக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டு வந்துவிடுவதாகவும் கிடைத்தால் குரல் கொடுக்கும்படியும் சொல்லிவிட்டுச் சின்ன டாக்டர் மாடிக்குப் போனாள். அவள் செருப்புச் சத்தம் மேலே தேய்ந்து மறைந்தது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம், வரிசையாக இருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் கடைசியில் அந்த அம்மா மட்டும். மழை. டிஸ்க்.

பெட்டி திறந்தது.

உள்ளே நூற்றுக்கணக்கில் ஃபோல்டர்கள். பெரிய டாக்டர் நோயாளிகளின் பெயரைக்கூடக் கேட்டு எழுதியவர் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தனக்குத் தோன்றிய அடையாளத்தை வைத்திருந்தார். கத்துறவன். டீச்சரம்மா. டீச்சரம்மா மாமியார். விரலைக் கடிச்சவன். வாய் மூடாத வக்கீல். சிடுமூஞ்சிக்கு முதல்முறையாக அந்த வீட்டில் ஒரு மனிதரைப் பிடித்துப்போனது. கீழே தள்ளிக்கொண்டே போனான். லாரி நறநற.

ஒரே ஒரு படம். மொத்தத் தாடையையும் ஒரு காதிலிருந்து மறு காது வரை விரித்துப் போடுகிற படம். சாம்பல் நிறத்தில், தோலும் உதடும் இல்லாமல், தாடை தானாகச் சிரிப்பது போல. கடித்துக் கடித்துப் பற்களின் மேல்பக்கம் மொட்டையாகித் தேய்ந்திருந்தது. கீழே இடதுபுறம் ஒரு கடைவாய்ப் பல்லுக்குள் ரூட் கேனால் செய்த வெள்ளைக் கோடு, வேர்வரை இறங்கி, பளிச்சென்று. இதைவிடப் பெரிய அடையாளம் யாருக்கும் தேவையில்லை.

குரல் கொடுத்திருக்கலாம். முதலில் காப்பி ஆகட்டும் என்று இழுத்துப் புதுக் கம்ப்யூட்டரில் போட்டான். போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஃபோல்டரில் இரண்டு படங்கள் இருந்தன.

அதே நேரத்தில் பக்கத்து அறையில் எக்ஸ்ரே மெஷின் கூவியது. ஒரே சுருதியில், நீளமாக. அதோடு அதன் கை யாரோ ஒருவரின் தலையைச் சுற்றி மெதுவாக நகரும் ர்ர்ர் என்ற ஓசை. கூவல் நின்றது. கை பழைய இடத்துக்கு வந்து நின்றதும் ஒரு சின்ன டக்.

சின்ன டாக்டர் இறங்கி வந்திருப்பாள், சொல்லாமல் கொள்ளாமல் வேலை பார்க்கிறாள் என்று எரிச்சலோடு எழுந்து போய்க் கனத்த கதவைத் தள்ளினான். அறை சிறியது. சன்னல் கிடையாது. தாடை வைக்கும் தாங்கியும், பல்லால் கடித்துப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் குச்சியுமாக மெஷின் சுவரோரம் நின்றது. அதன் பிளக் சுவரிலிருந்து பிடுங்கப்பட்டுத் தரையில் கிடந்தது. பழைய கம்ப்யூட்டர் புகைந்த அன்றே பயந்து எல்லாவற்றையும் பிடுங்கி விட்டதாக அவள் வந்தவுடனே சொல்லியிருந்தாள்.

யாரும் இல்லை.

குச்சி ஈரமாக இருந்தது. எச்சில். அதில் புதிதாக இரண்டு பல் பதிந்த பள்ளம். தாங்கியில் கருப்பாக என்னவோ ஒட்டியிருந்தது. விரலால் தொட்டான். கரி. முகர்ந்தான். கிராம்பெண்ணெய் வாசனையைத் தாண்டி, டயர் எரிந்த நாற்றமும் அதற்கடியில் இன்னொன்றும்.

அவன் பேயை நம்புகிறவன் இல்லை. பேயை நம்புகிறவர்களின் கம்ப்யூட்டரில் எலுமிச்சம்பழம் வைத்திருப்பதைப் பார்த்துச் சிரித்தவன். எனவே காரணம் கண்டுபிடித்தான். அதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. பெட்டிக்குள் எழுதப்படாமல் தொக்கி நின்ற படங்கள் இப்போது கதவு திறந்ததும் வரிசையாக இறங்குகின்றன. மெஷினில் பேட்டரி இருக்கும். குச்சியைச் சின்ன டாக்டர் கழுவி வைத்திருப்பாள். கரி, கம்ப்யூட்டர் புகைந்த கரி. எல்லாம் சரியாகப் பொருந்தியது. பொருந்தாதது ஒன்றுதான். விரலைச் சட்டையில் எத்தனை முறை துடைத்தும் அந்த நாற்றம் போகவில்லை.

உட்கார்ந்து இரண்டாவது படத்தைத் திறந்தான்.

அதே தாடை. அதே வெள்ளைக் கோடு. முன்பற்கள் மட்டும் விளிம்பில் பொரிந்து உதிர்ந்திருந்தன, தீயில் விழுந்த சுண்ணாம்புக் கல் போல. மார்ச்சுவரிப் படம், அங்கிருந்து அனுப்பியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொன்னான். இந்தப் பெட்டிக்கு வெளியிலிருந்து எதையும் அனுப்ப முடியாது என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தத் தெருவில் இல்லை.

பக்கத்து அறையில் கூவல்.

மூன்றாவது படம்.

அவன் எழுந்து போகவில்லை. தாடை இப்போது திறந்திருந்தது. குச்சியைக் கடித்துக்கொண்டு எடுக்க வேண்டிய படம், அப்படித் திறந்தால் எடுக்கவே முடியாது. திறந்த இடைவெளியில் நாக்கின் நிழல். அது மேல்நோக்கி வளைந்து, ஒவ்வொரு பல்லாகத் தொட்டுப் பார்ப்பது போல நின்றிருந்தது.

அவன் நாக்கும் அவன் வாய்க்குள் அதையே செய்துகொண்டிருந்தது. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. நிறுத்தினான்.

மறுபடி கூவல். இந்த முறை நீளமாக. கை சுற்றும் ஓசை அறைக்குள் இருந்து வரவில்லை. பின்னாலிருந்து வந்தது. அவன் காதோரமாக நகர்ந்து, பிடரியைச் சுற்றி, மறு காதோரம் வந்து நின்றது. டக்.

திரும்பிப் பார்த்தான். சுவர். காலண்டர். பல் விளக்கும் முறையைக் காட்டும் சிரித்த முகப் படம்.

நான்காவது படம் தானாகத் திறந்துகொண்டது.

அந்த ஃபோல்டரில், அந்த லாரிக்காரனின் அடையாளத்துக்குக் கீழே, ஒரு தாடை. பற்கள் தேயவில்லை. வெள்ளைக் கோடு இல்லை. கீழ்த்தாடை எலும்பின் மேல் சின்ன ஏணி மாதிரி ஒரு தகடு. அதில் ஸ்க்ரூக்கள்.

உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லாத படம். எவருக்கும் அவன் காட்டாதது.

மூடு. முதலில் கதவை மூடு. டிக்கை எடுத்தான். திரை மரியாதையாகத் தடுத்தது. ஒரு விருந்தினர் இந்தக் கம்ப்யூட்டருடன் இணைந்திருக்கிறார். இப்போது துண்டித்தால் அவர் இன்னும் எழுதி முடிக்காதவை இழக்கப்படும். தொடரலாமா?

விருந்தினரின் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

தொடரலாம் என்று அழுத்தினான். மறுபடி அதே கேள்வி. அழுத்தினான். அதே கேள்வி. கேபிளைப் பிடுங்கினான். பச்சை விளக்கு சிமிட்டியது. முன்பைவிட வேகமாக. பெட்டியின் மின்வயரைப் பிடித்து இழுத்தான். விளக்கு சிமிட்டியது. எழுந்து ஓடி மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினான்.

எல்லாம் அணைந்தது.

திரை கருத்தது. மின்விசிறி தயங்கித் தயங்கி நின்றது. பச்சை விளக்கும் இல்லை. சன்னல் வழியாக மழையின் சாம்பல் வெளிச்சம் மட்டும். அவன் அலமாரி முன்னால் மண்டியிட்டுப் பெட்டியின் மேல் கை வைத்தான். அசைவில்லை. டிஸ்க் நின்றுவிட்டது. உள்ளங்கைக்குக் கீழே வெறும் தகரம், செத்த தகரம்.

நறநற.

காதைப் பெட்டியின் மேல் வைத்தான். பெட்டியில் இல்லை.

நறநற. நிறுத்தம். பக்கவாட்டில் ஓர் இழுவை.

அவன் வாயில்.

அவனுடைய தாடை. அவன் சொல்லாமல். நகர்ந்துகொண்டிருந்தது. கையால் பிடித்தான். கைக்குள்ளும் அரைத்தது. நாக்கு பயந்து தடவியது. மேல்பக்கம் மொட்டையான பற்கள். தேய்ந்து, வழவழப்பாக. அவனுடையவை அல்ல. இடதுபுறக் கடைவாய்ப் பல் உயிரில்லாமல், கல் போல. கன்னத்துக்குக் கீழே எப்போதும் சில்லென்று இருக்கும் அந்த இடம். விரலால் அழுத்தித் தேடினான். வெறும் எலும்பு. தகடு இல்லை.

வாயெல்லாம் சாம்பல் ருசி.

கண்ணாடிக் கதவு திறந்தது. அந்த அம்மா நின்றாள். கரண்ட் போனதற்காக அவள் வரவில்லை. அவள் கண் அலமாரியின் அடித்தட்டில் இல்லை. அவன் மேல் இருந்தது. அவன் தாடை மேல். தலையை ஒரு பக்கம் சாய்த்து, பாதித் தூக்கத்தில் விழித்துக்கொண்டவள் பக்கத்தில் யார் என்று இருட்டில் கேட்டுப் பார்ப்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

படம் கிடைச்சிருச்சு, மேல போய் டாக்டரைக் கூப்பிடுங்க. அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தான். அத்தனை நேரமும் அவனைத் தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், மிக மெதுவாக, வீட்டுக்குள் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள்.

"என்னங்க?"

"ம்" என்றது அவன் வாய்.

அவன் இல்லை.

அவன் உடம்பு எழுந்து நின்றது. அதைப் பார்த்தான். எங்கிருந்து பார்க்கிறான் என்று தெரியவில்லை. தூரத்தில் ஒரு குழாயின் மறுமுனையில் இருப்பது போல. அந்த உடம்பு மேசையில் இருந்த ஸ்க்ரூடிரைவரையும் மல்டிமீட்டரையும் எடுத்துக்கொள்ளவில்லை. அவை என்னவென்றே அதற்குத் தெரியாது. அவளுடைய ஈரத் துணிப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டது, பல வருஷப் பழக்கமாக. அவள் நிமிர்ந்து அதன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வாசல் கதவு திறக்கும் ஓசை. மழை பெரிதாகக் கேட்டுச் சின்னதானது.

பிறகு குளிர்.

முதுகுக்குக் கீழே இரும்பு. கண்ணுக்கு மேலே ஒன்றும் இல்லை, கண்ணே இல்லை. ஆனால் அந்தத் தகடு இருந்தது. அது மட்டும் தனியாக, எப்போதும்போல, எப்போதையும்விட, பனிக்கட்டியாக. வாய் திறந்திருந்தது. மூட முயன்றான். எரிந்த தோல் இறுகிப்போய், தாடை அப்படியே நின்றிருந்தது. மெஷின் ஒன்று எங்கோ உறுமி அடங்கியது. பினாயில். ஒருவர் செருப்பை இழுத்து நடந்தார். ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது.

"நானே திரும்ப எடுத்துப் பாத்தேன்" என்றது தலைக்கு மேலே மார்ச்சுவரி டாக்டரின் குரல். "கீழ்த்தாடையில ஒரு பிளேட் இருக்கு டாக்டர். ஸ்க்ரூவோட. மொதல்ல எடுத்த படத்துல எப்படி விட்டேன்னே தெரியல."

"பிளேட்டா?" சின்ன டாக்டரின் குரல், ஃபோனுக்குள்ளிருந்து. "மெயின் ஆஃப்ல இருந்துச்சு, இப்பதான் போட்டேன். அவர் காப்பி பண்ணி வச்ச படத்தைத் திறந்து பாத்துட்டிருக்கேன். ஃபோல்டர்ல ஒரே படம்தான். அதுல பிளேட் எதுவும் இல்லைங்க. ரூட் கேனால் பண்ணியிருக்கு, அவ்வளவுதான்."

"இங்க ரூட் கேனால் இல்ல."

"அப்ப இது எங்க பேஷண்ட் இல்லைங்க." அவள் குரலில் ஒரு பெருமூச்சு. "நல்லவேளை. அந்தம்மாகிட்ட சொல்லணும். எங்க போனாங்கன்னு தெரியல. இங்கதான் உக்காந்திருந்தாங்க. அந்த ரிப்பேர்க்காரரையும் காணோம், சாமானைப் போட்டது போட்டபடி போயிட்டாரு. ஒரு மாதிரி ஆளு."

"உங்ககிட்ட வந்தவங்கள்ல வேற யாருக்காவது இந்த மாதிரி பிளேட் உண்டா?"

கத்தினான். கத்தியது எதையும் அசைக்கவில்லை. நான்தான். என் வாய்தான். பாருங்க. மேடம், பாருங்க.

அவள் உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள்.

"இல்லைங்க. அப்படி ஒரு வாயை நான் பாத்ததே இல்ல."

"சரி. பேர் தெரியாதவன்னு எழுதிடறேன். காலையில எடுத்துட்டுப் போயிருவாங்க."

ஃபோன் அணைந்தது. இரும்புத் தட்டின் சக்கரங்கள் உருண்டன. கால் பக்கம் முதலில் உள்ளே போனது, பிறகு இடுப்பு, பிறகு நெஞ்சு. தலை உள்ளே போகும் முன் அந்த மனிதர் ஒரு கணம் நின்றார், உள்ளே ஏதோ அரைபடும் சத்தம் கேட்டதா என்பது போல. இல்லை. இங்கே எதுவும் அரைக்கவில்லை. அரைக்க முடியாத அளவுக்கு அது திறந்திருந்தது. கதவு சாத்தப்பட்டது. ரப்பர் விளிம்பு காற்றை உறிஞ்சி ஒட்டிக்கொண்டது. இருட்டில், யாராவது ஒருவர் எட்டி உள்ளே பார்க்கட்டும் என்று காட்டுவது போல, வாய் திறந்தே இருந்தது.